கேள்வித்தாள் யார் கையில்?

பழைய மளிகைக் கடைகளில் கிடக்கும் இரும்பு எடைக்கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதில் ஒரு சின்னக் குழி இருக்கும், குழிக்குள் ஈயம் ஊற்றியிருப்பார்கள். அந்த ஈயத்தின் மேல்தான் முத்திரை. முத்திரை ஆய்வாளர் தன்னிடம் இருக்கும் சரியான எடையோடு வைத்துப் பார்த்து அடித்துக் கொடுத்தது. நாகமலை புதுக்கோட்டையில் தேனி மெயின் ரோட்டுக் கடைகள் எல்லாம் எலெக்ட்ரானிக் தராசுக்கு மாறிவிட்டன. ஆனாலும் முத்திரை உண்டு. காய் வாங்குகிறவர் யாரும் அதைக் குனிந்து பார்ப்பதில்லை. எங்கேயோ ஒருத்தர் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் வியாபாரம் ஓடுகிறது.

இந்த ஏற்பாட்டுக்குள் சொல்லாமல் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆய்வாளர் கடை வைத்திருக்கக் கூடாது. அவரே எதிர்ச்சாரியில் மளிகைக் கடை போட்டு, சரியான எடையைத் தன் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, "உன் கல்லைச் சோதிக்கணுமா? முதல்ல ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடு, கட்டணம் கட்டு, சோதனைல என்ன நடந்துச்சுன்னு வெளிய மூச்சு விடக்கூடாது" என்றால் எப்படி இருக்கும்?

ஜாவா என்ற கணினி மொழியின் உலகத்தில் ஏறக்குறைய இருபது வருடம் நடந்தது இதுதான். யாருக்கும் சொந்தமில்லாத, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், "நானும் சரியான எடைதான்" என்று நிரூபிக்க அலைந்த கதை. நம் ஊரில் லட்சக்கணக்கான பேர் சோறு தின்றது ஜாவாவை வைத்து. ஆனால் இந்தக் கதையை எந்த இன்ஜினீயரிங் காலேஜிலும் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

*

1990-களின் கடைசியில் ஒரு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ தன் வேலைகளை இணையத்துக்குக் கொண்டுவர நினைத்தால், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியான சில்லறைத் தொல்லைகளைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஒரு கணக்கிலிருந்து பணம் கழிந்து இன்னொரு கணக்கில் ஏறுவதற்குள் கரண்ட் போய்விட்டால் இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தால் வரிசையில் நிறுத்த வேண்டும். யார் எதைப் பார்க்கலாம் என்று காவல் காக்க வேண்டும். இதையெல்லாம் பொதுவாகச் செய்து கொடுக்கும் மென்பொருளுக்குப் பெயர் அப்ளிகேஷன் சர்வர். பி.ஈ.ஏ. நிறுவனத்தின் வெப்லாஜிக், ஐ.பி.எம்.-மின் வெப்ஸ்பியர் இரண்டும்தான் பெரிய கைகள். ஒவ்வொரு சி.பி.யு.வுக்கும் ஆயிரக்கணக்கான டாலர் என்று கணக்குப் போட்டு விற்றார்கள்.

ஒருவரிடம் வாங்கி அதில் ஐந்து வருடம் நிரல் எழுதிவிட்டால் அடுத்தவரிடம் போக முடியாது. இந்தப் பயத்தைப் போக்கத்தான் ஜாவாவின் சொந்தக்காரரான சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999 டிசம்பரில் ஜே2ஈஈ என்ற வரையறையை வெளியிட்டது. பெரு நிறுவனங்களுக்கான ஜாவா. சர்வர் யாருடையதாக இருந்தாலும் இன்னின்ன கட்டளைக்கு இன்னின்ன மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்ற சட்டப் புத்தகம் அது.

புத்தகத்தோடு இன்னும் இரண்டு சாமான் வந்தன. ஒன்று, "இப்படிச் செய்யலாம்" என்று காட்டும் மாதிரி சர்வர். இன்னொன்று டி.சி.கே. எனப்படும் தேர்வுத் தொகுப்பு. ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி நிரல்கள். ஒவ்வொன்றும் சர்வரிடம் ஒரு கேள்வி கேட்கும், பதில் புத்தகத்தில் உள்ளபடி வருகிறதா என்று பார்க்கும். பாஸ் மார்க் 35 கிடையாது. எல்லாக் கேள்விக்கும் சரியான விடை வந்தால்தான் "ஜே2ஈஈ இணக்கமானது" என்று சொல்லிக்கொள்ளலாம், ஆவி பறக்கும் காபிக் கோப்பை முத்திரையைக் குத்திக்கொள்ளலாம். புத்தகத்தை யாரும் இறக்கிப் படிக்கலாம். தேர்வுத் தொகுப்பு சன்னிடம் ஒப்பந்தம் போட்டவருக்கு மட்டும். சிலபஸ் பொது, கேள்வித்தாள் பூட்டுக்குள்.

இந்தப் பூட்டைப் பற்றி உடனே சன்னைத் திட்டுவது நியாயமில்லை. அவர்கள் ஏற்கனவே சூடுபட்டவர்கள். ஒரு தடவை எழுதினால் எங்கேயும் ஓடும் என்பதுதான் 1995-இல் ஜாவா வந்தபோது அது கொடுத்த வாக்கு. மைக்ரோசாஃப்ட் உரிமம் வாங்கித் தன் விண்டோஸுக்கு ஒரு ஜாவா செய்தது. அதில் இருக்க வேண்டிய சில பகுதிகள் இல்லை. இருக்கக் கூடாத சில சொற்களைச் சேர்த்திருந்தார்கள். அதை நம்பி எழுதியவர்களின் நிரல் விண்டோஸில் மட்டும் ஓடியது. 1997 அக்டோபரில் சன் வழக்குப் போட்டது. 2001 ஜனவரியில் 2 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் அந்த வழக்கை முடித்துக்கொண்டது. அந்த வழக்கில் சன்னின் கையில் இருந்த வலுவான ஆயுதம் தேர்வுதான். 'இது பாஸ் ஆகவில்லை, ஆகவே இது ஜாவா இல்லை' என்று அவர்களால் கோர்ட்டில் காட்ட முடிந்தது. அதற்குப் பிறகு தேர்வைக் கையை விட்டு விடுவார்களா?

சிக்கல் என்னவென்றால் சன்னும் கடை வைத்திருந்தது. அவர்களும் அப்ளிகேஷன் சர்வர் விற்றார்கள். போட்டியாளர்கள் எல்லோரும் அவர்களுக்கே உரிமக் கட்டணம் கட்டினார்கள்.

*

மார்க் ஃப்ளூரி ஃபிரான்ஸ்காரர், சன்னில் வேலை பார்த்தவர். 1999-இல் ஜே2ஈஈ-யின் முக்கியப் பாகமான ஈ.ஜே.பி.க்கு ஓப்பன் சோர்ஸில் ஒரு வடிவம் எழுத ஆரம்பித்து, அதற்கு ஈ.ஜே.பாஸ் என்று பெயர் வைத்தார். ஈ.ஜே.பி. எங்கள் பெயர் என்று சன் ஆட்சேபிக்க, முதல் எழுத்தைக் கழற்றிவிட்டு ஜேபாஸ் ஆக்கினார். இணையத்தில் முகம் தெரியாத பலர் சேர்ந்தார்கள். சில வருடத்தில் அது முழு அப்ளிகேஷன் சர்வராக வளர்ந்து நின்றது. விலை ஒன்றுமில்லை. கோளாறு வந்தால் உதவிக்குக் காசு. இதுதான் அட்லாண்டாவில் அவர் தொடங்கிய கம்பெனியின் வியாபாரம்.

புரோகிராமர்களுக்கு ஜேபாஸ் பிடித்துப்போனது. தங்கள் கம்ப்யூட்டரில் ஜேபாஸை வைத்து எழுதி, கடைசியில் கஸ்டமர் இடத்தில் வெப்லாஜிக்கில் ஏற்றும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. வேலை எல்லாம் ஜேபாஸில், பெயர் வெப்லாஜிக்குக்கு. ஏன் நேராக ஜேபாஸையே போடவில்லை என்று கேட்டால் தொழில்நுட்பக் காரணம் எதுவும் வராது. வங்கி கொள்முதல் கமிட்டிக்கு ஒரு காகிதம் வேண்டும். டெண்டர் படிவத்தில் "ஜே2ஈஈ இணக்கச் சான்று உண்டா" என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க முடியாத சரக்கு எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க ஓப்பன் சோர்ஸுக்கு ஆரம்பத்தில் வழியே கிடையாது. ஜாவா வரையறைகளை உருவாக்கும் ஜே.சி.பி. என்ற அமைப்பின் ஒப்பந்த விதிகள், இணக்கமான வடிவத்தை ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வெளியிட இடம் தரவில்லை. இதை மாற்றியது ஃப்ளூரி இல்லை, அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை. இணையத்தில் பெரும்பங்கு தளங்களை அன்றைக்கு அப்பாச்சியின் வெப் சர்வர்தான் தாங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் முகம் சுளித்தால் சன்னுக்குக் கஷ்டம். ஜே.சி.பி. செயற்குழுவில் அப்பாச்சியின் பிரதிநிதியாக இருந்த ஜேசன் ஹண்டர் பேசிப் பேசி, 2002 மார்ச்சில் சன் இறங்கி வந்தது. ஓப்பன் சோர்ஸ் வடிவங்கள் வரலாம், லாப நோக்கமற்ற அமைப்புகளுக்குத் தேர்வுத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்க வழி செய்யப்படும் என்று சொன்னது.

லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு. ஜேபாஸ் கம்பெனிக்கு அந்த ஸ்காலர்ஷிப் கிடையாது. 2003 முழுக்க இரண்டு பக்கமும் பத்திரிகைகளில் சண்டை. சான்று இல்லாமல் ஜே2ஈஈ பெயரைச் சொல்லாதே என்று சன். ஓப்பன் சோர்ஸை நெரிக்கப் பார்க்கிறார்கள் என்று ஃப்ளூரி. இரண்டு பேரும் பாதி உண்மை சொன்னார்கள் என்பது என் எண்ணம். ஃப்ளூரிக்கு அந்தச் சண்டையே நல்ல விளம்பரம், அதை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். கடைசியில் 2003 நவம்பரில் ஜேபாஸ் தேர்வுத் தொகுப்புக்கு உரிமம் வாங்கியது. 2004 ஜூலையில் ஜேபாஸ் 4 ஜே2ஈஈ 1.4 தேர்வில் பாஸ் ஆனதாக அறிவிப்பு வந்தது. 2006 ஏப்ரலில் ரெட் ஹேட் அந்தக் கம்பெனியைக் குறைந்தது 35 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

அதே காலத்தில் நம் பக்கம் வேறு ஒரு சான்றிதழ் மோகம் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்.சி.ஜே.பி. சன் சான்றளித்த ஜாவா புரோகிராமர். காலேஜில் கேத்தி சியரா, பெர்ட் பேட்ஸ் எழுதிய தலையணை சைஸ் புத்தகத்தை ஜெராக்ஸ் போட்டுக் கைமாற்றிக்கொண்டோம். ரெஸ்யூமேயில் பெயருக்குக் கீழே அந்த நான்கு எழுத்தைப் போடுவதற்காகப் பணம் கட்டி எழுதியவர்கள் எத்தனை பேர். ஓரக்கிள் 2010-இல் சன்னை வாங்கியதும் சான்றிதழின் பெயரும் மாறிப்போனது. சர்வரும் பையனும் ஒரே கம்பெனியிடம் போய் "நான் சரிதான்" என்று எழுதி வாங்க நின்றிருக்கிறோம் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

*

அப்பாச்சிக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்தது. அதை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம்.

2003 ஆகஸ்டில் ஜெரோனிமோ என்ற பெயரில் சொந்தமாக ஒரு ஜே2ஈஈ சர்வர் கட்டப்போவதாக அப்பாச்சி சொன்னது. ஜேபாஸிலிருந்து பிரிந்து வந்த சிலரும் அதில் இருந்தார்கள். அக்டோபர் கடைசியில் ஜேபாஸின் வக்கீல் கடிதம் வந்தது: உங்கள் நிரலில் சில இடங்கள் எங்களுடையது போலவே இருக்கிறதே என்று. ஓப்பன் சோர்ஸ்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் வக்கீலை ஏவுவதைப் பார்த்து சன்னில் யாராவது தேநீர் கொண்டாடியிருப்பார்கள். அப்பாச்சி பதில் சொல்லி வேலையைத் தொடர்ந்தது.

அப்பாச்சியின் வேதவாக்கு, எல்லாமே திறந்த வெளியில் நடக்க வேண்டும் என்பது. ஒவ்வொரு வரி மாற்றமும், ஒவ்வொரு விவாதமும் யாரும் படிக்கக்கூடிய இடத்தில். ஆனால் தேர்வுத் தொகுப்பைத் தொட வேண்டும் என்றால் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எந்தக் கேள்வியில் தோற்றோம் என்று வெளியே சொல்லக்கூடாது. ஆகவே திறந்த வீட்டுக்குள் ஒரு மூடிய அறை கட்டினார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும் உள்ளே போவார்கள். வெளியே வந்து ஒரு திருத்தம் செய்வார்கள். "இதை ஏன் மாற்றினாய்?" என்று கையெழுத்துப் போடாதவர் கேட்டால், "டி.சி.கே." என்று மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் பேச முடியாது. கொடுத்தவர்களுக்கும் அது தெரியும், வாங்கியவர்களுக்கும் தெரியும், இருந்தும் அப்படித்தான் வேலை நடந்தது. 2005 அக்டோபரில் ஜெரோனிமோ பாஸ் ஆனது. ஐரோப்பாவின் ஆப்ஜெக்ட்வெப் கூட்டமைப்பிலிருந்து வந்த ஜோனாஸ் என்ற சர்வரும் அதே வருடம் ஏற்கனவே பாஸ் ஆகியிருந்தது.

இதில் நம் பக்கத்துக் கடலோரமும் வருகிறது. ஜெரோனிமோவின் வெப் சர்வீஸ் பகுதிக்கு அப்பாச்சியின் ஆக்சிஸ் என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆக்சிஸ் குடும்பத்தில் ஆழமாக இறங்கி வேலை பார்த்தவர்களில் கொழும்பு இளைஞர்கள் பலர். ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த சஞ்சீவ வீரவரன ஊர் திரும்பி, 2003-இல் லங்கா மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கியவர். 2005-இல் அவர் ஆரம்பித்த டபிள்யூ.எஸ்.ஓ.2 கம்பெனி ஓப்பன் சோர்ஸ் மட்டுமே விற்றது. 2006-இல் அப்பாச்சியின் ஆசிய மாநாடு கொழும்பில் நடந்தது. போர் திரும்பவும் மூண்ட வருடம் அது. அதே சமயம் சென்னையும் பெங்களூரும் ஆயிரம் மடங்கு அதிக ஜாவா ஆட்களை வைத்துக்கொண்டு மற்றவர் எழுதிய சர்வர்களைக் கட்டமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஏன் நாம் செய்யவில்லை என்ற கேள்விக்குக் கட்டுரை தனியாக எழுத வேண்டும். பணம் ஒரு காரணமாக இருக்க முடியாது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

*

சர்வர் அளவில் இப்படி ஒப்பேற்றியாகிவிட்டது. அடுத்து அஸ்திவாரம். அந்தச் சர்வர்கள் எல்லாம் ஓடுவது ஜாவாவின் மேல். அந்த ஜாவா சன்னுடையது. 2005 மே மாதம் ஹார்மனி என்ற பெயரில் ஜாவாவையே புதிதாக, அப்பாச்சி உரிமத்தில் எழுதிவிடலாம் என்று கிளம்பினார்கள். கெய்ர் மேக்னுசன் முன்னால் நின்றார். ஐ.பி.எம்.-மும் இன்டெலும் நிரல் கொடுத்தன.

எழுதினார்கள். தேர்வுக்கு விண்ணப்பித்தார்கள். சன் ஒப்பந்தம் அனுப்பியது. அதில் ஒரு நிபந்தனை: தேர்வில் பாஸ் ஆன ஹார்மனி மேசைக் கணினியிலும் சர்வரிலும் ஓடலாம், மற்ற வகைக் கருவிகளில் கூடாது. காரணம் தெரிந்ததுதான். அப்போது நம் கையில் இருந்த நோக்கியா, சோனி எரிக்சன் போன்களில் எல்லாம் ஜாவா இருந்தது, அதற்கு உரிமக் கட்டணம் சன்னுக்குப் போனது. அந்த வருமானத்தை இலவச ஜாவா தின்றுவிடக் கூடாது.

ஓப்பன் சோர்ஸ் உரிமம் என்றால் எங்கே பயன்படுத்துவது என்று யாரும் கட்டளை போட முடியாது. "இந்த அரிசியை வீட்டில் சமைக்கலாம், ஓட்டலில் சமைக்கக் கூடாது" என்று மூட்டையில் எழுதி விற்றால் அது தானமும் இல்லை, விற்பனையும் இல்லை. 2007 ஏப்ரல் 10 அன்று அப்பாச்சி சன்னின் தலைவர் ஜோனதன் ஷ்வார்ட்ஸுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியது. இந்த நிபந்தனை ஜே.சி.பி. ஒப்பந்தத்துக்கே விரோதம், 30 நாளில் சரியான உரிமம் கொடுங்கள் என்று. கிடைக்கவில்லை. இதற்கு நடுவே 2006 நவம்பரில் சன் தன்னுடைய ஜாவாவையே ஜி.பி.எல். உரிமத்தில் திறந்துவிடுவதாக அறிவித்திருந்தது. தாராளமான காரியம், சந்தேகமில்லை. 2007-இல் தேர்வுத் தொகுப்பையும் கொடுத்தார்கள், ஆனால் சன்னின் அந்த நிரலிலிருந்தே பெரும்பாலும் கிளைத்த ஜாவாக்களுக்கு மட்டும். தானாக, தனியாக எழுதியவருக்கு இல்லை. வரையறை என்ற ஒன்றைப் போடுவதே வெவ்வேறு பேர் தனித்தனியாக எழுதுவதற்குத்தானே? ஒரே நிரலின் பிரதிகள்தான் தேர்வெழுதலாம் என்றால் அங்கே வரையறைக்கு என்ன வேலை?

2007 டிசம்பரில் ஜே.சி.பி. செயற்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. இந்த அமைப்பு எந்த ஒரு கம்பெனியின் பிடியிலும் இல்லாமல், நடுநிலையான சுதந்திர அமைப்பாக மாற வேண்டும் என்று. அதைக் கொண்டுவந்தது ஓரக்கிள். இரண்டு வருடம் கழித்து அந்த ஓரக்கிளே சன்னை வாங்கி, பூட்டும் சாவியும் கைக்கு வந்தபோது அந்தத் தீர்மானத்தை வசதியாக மறந்துவிட்டது. 2010 டிசம்பரில் ஜாவா 7-க்கான வாக்கெடுப்பு. அப்பாச்சியும் கூகுளும் எதிர்த்தன, பெரும்பான்மை ஓரக்கிளோடு போனது. டிசம்பர் 9 அன்று அப்பாச்சி செயற்குழுவை விட்டு வெளியேறியது. 2011 நவம்பரில் ஹார்மனியைக் கட்டிப் பரணில் போட்டார்கள். ஆறரை வருட உழைப்பு. ஒரு நாள்கூட அது அதிகாரபூர்வமாக ஜாவா என்று அழைக்கப்படவில்லை.

ஆனால் சாகவில்லை. கூகுள் ஆண்ட்ராய்டு செய்தபோது ஹார்மனியின் நூலக நிரலில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. கூகுள் தேர்வு எழுதவில்லை, ஜாவா என்ற பெயரையும் வைத்துக்கொள்ளவில்லை. சன் எந்தப் போன்களில் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியதோ, அதே போன்களில், சான்று எதுவும் இல்லாமலேயே அந்த நிரல் ஓடியது. ஓரக்கிள் 2010 ஆகஸ்டில் கூகுள்மீது வழக்குப் போட்டது. சுமார் 11,500 வரிகள் பற்றிய அந்த வழக்கு 2021 ஏப்ரல் 5 வரை நடந்து, அமெரிக்க உச்சநீதிமன்றம் 6-க்கு 2 என்று கூகுள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. முத்திரை இல்லாத கல்லை வைத்து உலகத்துக்கே எடை போட்டுக் கொடுத்தாயிற்று. கூகுள் அளவுக்குப் பணமும் வக்கீல்களும் உள்ளவருக்கு அது முடியும். அப்பாச்சிக்கு முடியாது, நமக்கு நிச்சயமாக முடியாது.

சின்னவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு டாம்ஈஈ சாட்சி. டாம்கேட் என்ற சின்ன, பிரபலமான சர்வரின் மேல் மற்ற பாகங்களைச் சேர்த்துக் கட்டிய அப்பாச்சி மென்பொருள் அது. 2011 அக்டோபரில் ஜாவா ஈஈ 6 வெப் புரொஃபைல் சான்று வாங்கியது. அடுத்து வந்த ஜாவா ஈஈ 7-க்குத் தேர்வுத் தொகுப்பு அப்பாச்சிக்குக் கிடைக்கவில்லை. நிரல் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், பயன்படுத்துகிறவர்கள் இருந்தார்கள். கேள்வித்தாள் மட்டும் இல்லை. டெண்டர் கட்டத்தில் அதே பழைய வெற்றிடம்.

*

பூட்டு கடைசியில் திறந்தது ஒரு தத்துவ வெற்றியால் இல்லை. ஓரக்கிளுக்கு ஆர்வம் போய்விட்டது. எல்லோரும் மேகக் கணினிக்குப் போய்விட்டார்கள், பெருநிறுவன ஜாவாவில் வருமானமும் குறைந்தது, வேலையும் சுணங்கியது. 2017 செப்டம்பரில் ஜாவா ஈஈ-யை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கொடுத்துவிடுவதாக அறிவித்தார்கள். வரையறை, மாதிரி சர்வர், அதோடு தேர்வுத் தொகுப்பும்.

பெயரை மட்டும் கொடுக்கவில்லை. ஜாவா எங்கள் வணிகப் பெயர், வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். வாக்கெடுப்பு நடத்தி 2018-இல் ஜகார்த்தா ஈஈ என்று வைத்தார்கள். அப்பாச்சியில் பல வருடம் முன்பு ஜகார்த்தா என்று ஒரு திட்டம் இருந்தது. அந்தப் பெயர் சன் அலுவலகத்தில் அவர்கள் கூடிப்பேசிய மீட்டிங் அறையின் பெயர். ஜாவா தீவில் இருக்கிற ஊர்தானே ஜகார்த்தா. தீவு ஓரக்கிளிடம், தலைநகரம் பொதுவில்.

அதோடும் முடியவில்லை. நிரல்களுக்குள் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் "ஜாவாஎக்ஸ்" என்று ஆரம்பிக்கும். அந்த இடப்பெயரின் கீழ் எதையும் மாற்ற எக்லிப்ஸுக்கு உரிமை இல்லை என்று 2019 மே மாதம் தெரியவந்தது. ஆகவே 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா ஈஈ 9-இன் பெரிய மாற்றமே பெயர் மாற்றம்தான். பழைய பெயர் இருந்த இடமெல்லாம் "ஜகார்த்தா". 2022 நவம்பரில் ஸ்பிரிங் பூட் 3 இதற்கு மாறியதும் உலகம் பூராவும் ஜாவா ஆட்களின் தலையில் அந்த வேலை விழுந்தது. நானும் இங்கே வீட்டு மாடியில் உட்கார்ந்து வாரக்கணக்கில் அதைத்தான் செய்தேன். ஆயிரக்கணக்கான ஃபைல். டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்:

"அண்ணே, இதுல என்னதான் மாறுது?"

"ஒண்ணும் மாறலடா. பேரு மட்டுந்தான்."

"அப்ப எதுக்கு?"

அவனுக்குப் பதில் சொல்லத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரையாக நீண்டுவிட்டது.

இப்போது சான்று வாங்கும் முறையைப் பாருங்கள். தேர்வுத் தொகுப்பை யாரும் இறக்கலாம். தன் கணினியிலேயே ஓட்டலாம். ஓட்டிய பிறகு ஒரு விண்ணப்பம்: சர்வரின் பெயர், பதிப்பு, எந்தத் தேர்வுத் தொகுப்பு, கோப்பு மாறவில்லை என்பதற்கு அதன் ஷா-256 எண், எந்த ஜாவா, எந்த இயங்குதளம், முடிவுகள் எந்த முகவரியில் கிடைக்கும். எல்லாம் பொதுவில். வேண்டுமானால் நாமும் அதே தேர்வை ஓட்டிச் சரிபார்க்கலாம். காபிக் கோப்பைக்குப் பதிலாக வந்த புது முத்திரையைக் குத்திக்கொள்ள மட்டும் உறுப்பினர் சந்தா, ஒப்பந்தம் என்று இன்னும் இருக்கிறது. 2021 மே மாதம் ஜகார்த்தா ஈஈ 9.1 வந்தபோது இணக்கமான சர்வர்களின் பட்டியலில் ஐ.பி.எம்., ரெட் ஹேட் பெயர்களுக்குப் பக்கத்தில் டாம்ஈஈ-யும் இருந்தது. பத்து வருடம் கழித்து.

ஒரு சனிக்கிழமை அந்தத் தேர்வுத் தொகுப்பின் நிரலை இறக்கிப் படித்துக்கொண்டிருந்தேன். யாரோ கையெழுத்துப் போட்டு, மூச்சு விடாமல் காத்த ரகசியம். உள்ளே எல்லாம் எளிமையான கேள்விகள். ஒரு பக்கத்தைப் பயனருக்கு அனுப்பி முடித்தபிறகு வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடச் சொன்னால் சர்வர் பிழை என்று சொல்ல வேண்டும், சொல்கிறதா? தலைப்பில் போட்ட மொழி திரும்பக் கேட்கும்போது அதே மொழியாக வருகிறதா? இப்படியே பக்கம் பக்கமாக. எழுதியவர்கள் பொறுமைசாலிகள். ஃபோல்டர்களின் பெயர்களில் பல இடங்களில் "காம், சன், டி.எஸ்., டெஸ்ட்ஸ்" என்று இருந்தது. சன் என்ற கம்பெனியே இல்லாமல் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் கேள்விகளின் முகவரி மாறியிருக்கவில்லை.

இது சர்வர் தேர்வுக்கு மட்டும். அடியில் இருக்கும் ஜாவாவுக்கான தேர்வு இன்றைக்கும் ஓரக்கிளிடம்தான். நாங்கள் வேலைக்குப் பயன்படுத்தும் டெமுரின் என்ற இலவச ஜாவா, முன்பு அடாப்ட்ஓபன்ஜே.டி.கே. என்ற பெயரில் தேர்வு எழுத முடியாமல் வருடக்கணக்கில் நின்றது. எக்லிப்ஸின் கீழ் அடோப்டியம் ஆக மாறி, ஓரக்கிளோடு ஒப்பந்தம் போட்ட பிறகு 2021 ஆகஸ்டில் பாஸ் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தது. பாஸ் என்பது வரைக்கும் நமக்குத் தெரியும். எந்தக் கேள்விக்கு என்ன விடை எழுதினார்கள் என்பது ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது.